கரையில் செருப்பு கிடந்தால் ஆற்றில் மட்டும் தேடினால் போதுமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் கல்லூரி மாணவர் ஒருவர் காணாமற்போன செய்தி பரவியதிலிருந்து, இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே இருக்கின்றன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இம்மாதம் இவற்றுக்கும், இதேபோல் மகனைத் தேடும் ஒரு தாயின் கடிதத்துக்கும் மட்டும் பதில் எழுதுகிறேன். குடும்பத்தாருக்கும் நண்பருக்கும் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டோம். இதே நிலை நாளை வேறொரு வீட்டுக்கும் வரக்கூடும் என்பதால், அவர்களுடைய சம்மதத்தோடு, ஆள் பெயரும் தோட்டத்தின் பெயரும் இல்லாமல் இங்கே வெளியிடுகிறோம். இதழ் அச்சுக்குப் போகும் நாள்வரை தேடல் முடியவில்லை.

கேள்வி: என் தம்பிக்கு வயது 20. ஈப்போவில் டிப்ளோமா படிக்கிறான். பருவ விடுமுறைக்கு வந்திருந்தவன் சனிக்கிழமை மாலை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான், திரும்பவில்லை. 24 மணி நேரம் ஆனால்தான் போலீசில் புகார் எடுப்பார்கள் என்று எல்லாரும் சொன்னதால், மறுநாள் மாலைதான் பாலாய்க்கு (காவல் நிலையத்துக்கு) போனோம். அதற்குள் ஆற்றோரம் பழைய பம்ப் ஹவுஸ் பக்கத்தில் அவனுடைய மோட்டாரும் செருப்பும் கிடைத்துவிட்டன. மோட்டாரைக் கண்டவர் அதை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். மூன்று நாளாகப் பொம்பாக்காரர்கள் (தீயணைப்பு மீட்புப் படையினர்) ஆற்றில் தேடுகிறார்கள். தோட்டமே கரையில் நிற்கிறது. அம்மா அங்கிருந்து எழுந்து வர மறுக்கிறார். இதற்கு மேல் நாங்கள் என்ன செய்யவேண்டும், ஐயா? (ஒரு சகோதரி, சுங்கை சிப்புட்)

பதில்: சகோதரி, முதலில் அந்த 24 மணி நேரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு விதி மலேசியாவில் கிடையாது. காணாமற்போனவர் குழந்தையானாலும் பெரியவரானாலும், சந்தேகம் எழுந்த நிமிடமே புகார் செய்யலாம் என்று காவல் துறையே பலமுறை விளக்கியிருக்கிறது. நாட்டில் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ஆபத்து என்று தோன்றினால் நேராக 999 எண்ணை அழைக்கலாம். 1971ஆம் ஆண்டின் வயது வந்தோர் சட்டப்படி 18 நிறைந்தவர் பெரியவர் என்பது உண்மைதான். ஆனால் பெரியவர் ஒருவர் காணாமற்போனால் காவல் துறைக்கு வேலையில்லை என்று அதற்குப் பொருளில்லை. ஊர் முழுவதும் நம்பும் ஒன்றை நீங்களும் நம்பினீர்கள். அதற்காக உங்களை நீங்களே வருத்திக்கொள்ள வேண்டாம். இப்போது உங்கள் கையில் இருக்கவேண்டியவை புகாரின் நகல், அதன் எண், விசாரணை அதிகாரியின் பெயர், அவருடைய நேரடித் தொலைபேசி எண் ஆகியவை.

அடுத்து, நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது. கரையில் கிடந்த மோட்டாரும் செருப்பும், அவை அங்கே வந்து சேர்ந்தன என்பதை மட்டுமே சொல்கின்றன. உங்கள் தம்பி தண்ணீரில் இறங்கினார் என்பதை அவை சொல்லவில்லை. அது நாம் செய்துகொண்ட ஊகம். பொம்பா முதலில் ஆற்றைத் தேடுவது மிகச் சரி. ஒருவர் கிளையைப் பற்றிக்கொண்டோ, திட்டில் ஒதுங்கியோ இருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் உயிர்தான். ஆனால் நீர்த்தேடல் அவர்களுடைய பணி. அவர்கள் ஆற்றில் இருக்கிறார்கள் என்பதால் அவர் ஆற்றில்தான் இருக்கிறார் என்று குடும்பமும் தோட்டமும் முடிவு கட்டிவிட்டால், தரைத்தேடல் அன்றோடு நின்றுபோகும். அவர் கரையோரமாக நடந்து போயிருக்கலாம். வேறொருவர் வண்டியில் ஏறியிருக்கலாம். செம்பனைக் காட்டுக்குள் விழுந்து அடிபட்டோ பாம்பு தீண்டியோ கிடக்கலாம். மோட்டாரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது வேறு யாராகவும் இருக்கலாம். இவற்றில் ஒன்றையும் காரணமில்லாமல் தள்ளிவிடக் கூடாது.

ஆகவே வீட்டில் நிதானமாக எழுதக்கூடிய ஒருவரை உட்காரவைத்து, கண்ணால் கண்டதை ஒரு தாளிலும், மற்றவர் சொல்லக் கேட்டதை வேறொரு தாளிலும் எழுதச் சொல்லுங்கள். அவரைக் கடைசியாக நேரில் பார்த்தவர் யார், எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் போனார், என்ன சட்டை அணிந்திருந்தார் என்பவை முதல் தாளில் வரவேண்டும். “ஆற்றுப் பக்கம் போனதாகச் சொன்னார்கள்” என்பது இரண்டாவது தாளுக்கு உரியது. அப்படிச் சொன்னவரைத் தேடிப் பிடித்து, அவர் பார்த்தாரா, கேட்டாரா என்று உறுதிப்படுத்திய பிறகே அது இடம் மாறவேண்டும். தேடும் படையினர் எல்லைக்கோடு போடுவதே கடைசியாக உறுதியாகப் பார்க்கப்பட்ட இடத்திலிருந்துதான். அந்தப் புள்ளி தவறினால் படகும் நாயும் சுழியோடிகளும் தவறான இடத்தில் உழைத்துக்கொண்டிருப்பார்கள்.

மோட்டாரைக் கண்டவர் அதை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அவரையே அழைத்துக்கொண்டு போய், வண்டி நின்ற இடத்தையும் அது நின்ற திசையையும் விசாரணை அதிகாரிக்குக் காட்டச் செய்யுங்கள். சாவி வண்டியிலேயே இருந்ததா, ஹெல்மெட் எங்கே, செருப்பு இரண்டும் ஓரிடத்தில் கிடந்தனவா, தண்ணீரிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கிடந்தன என்பதெல்லாம் முக்கியம். யாராவது படம் எடுத்திருந்தால், வாட்ஸாப்பில் சுற்றிவந்த பிரதி போதாது. எடுத்தவரின் கைப்பேசியிலுள்ள மூலப் படத்தில்தான் நேரம் பதிவாகியிருக்கும். வீட்டுக்குள்ளும் பாருங்கள். ஐசி (அடையாள அட்டை), பேங்க் கார்டு, கடப்பிதழ், கைப்பேசி சார்ஜர், அன்றாடம் சாப்பிடும் மருந்து, தூண்டில் ஆகியவற்றில் எது இருக்கிறது, எது இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். சார்ஜரையும் இரண்டு சட்டைகளையும் எடுத்துக்கொண்டு போனவரைத் தேடும் முறை வேறு. தூண்டிலோடு போனவரைத் தேடும் முறை வேறு. அவர் போட்டுக் கழற்றிய, துவைக்காத சட்டையையோ தலையணை உறையையோ, பலர் கை படாமல், சுத்தமான பிளாஸ்டிக் பையில் தனியாக எடுத்து வையுங்கள். மோப்ப நாய் வந்தால் அது தேவைப்படும். அழுகையோடு அழுகையாக அம்மாவோ அத்தையோ அந்தத் துணிகளைத் துவைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசி விஷயத்தில் அவசரம் உண்டு. அவருடைய எண்ணை ரத்து செய்யவேண்டாம். பிரிபெய்ட் என்றால் காலாவதியாகாமல் பணம் போட்டு வையுங்கள். அந்த எண் கடைசியாக எந்தக் கோபுரத்தோடு தொடர்பு கொண்டது என்ற விவரத்தைத் தொலைத்தொடர்பு நிறுவனம் குடும்பத்துக்குத் தராது. காவல் துறை கேட்டால்தான் தரும். ஆகவே எண்ணையும் நிறுவனத்தின் பெயரையும் அதிகாரியிடம் எழுதிக் கொடுங்கள். அவருடைய கணினி வீட்டில் திறந்த நிலையில் இருந்தால், கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் கைப்பேசியின் கடைசி இருப்பிடம் தெரிய வாய்ப்பு உண்டு. கணினி பூட்டியிருந்தால் கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்துத் தட்டாதீர்கள், கணக்கு முடங்கிவிடும். அப்படியே அதிகாரியிடம் ஒப்படைப்பது மேல்.

பெட்ரோல் நிலையம், மளிகைக் கடை, தோட்ட வாசல், சாலை முனை வீடு என்று அவர் போயிருக்கக்கூடிய பாதையிலுள்ள சிசிடிவி பதிவுகளை இன்றே சேமித்து வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கடைகளில் பழைய பதிவின் மீது புதிய பதிவு தானாக ஏறிவிடும். சில நாள் தாமதித்தால்கூட ஒன்றும் மிஞ்சாது. இரண்டு பேர் சுங்கை சிப்புட், கோலகங்சார் ரயில் நிலையங்களிலும் ஈப்போ அமான்ஜெயா பேருந்து நிலையத்திலும் படத்தோடு விசாரிக்கட்டும். இன்னும் இரண்டு பேர் சுங்கை சிப்புட், கோலகங்சார், தைப்பிங் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளிலும், ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையிலும், பெயர் தெரியாத நோயாளி யாரும் இருக்கிறாரா என்று நேரில் போய்க் கேட்கட்டும். ஈப்போவில் அவர் தங்கியிருந்த அறையைப் பார்க்காமல் விடாதீர்கள். கல்லூரியின் மாணவர் விவகாரப் பிரிவிடம் வருகைப் பதிவையும் கேளுங்கள்.

படத்தை முகநூலிலும் வாட்ஸாப்பிலும் போடும்போது வீட்டு எண்ணைப் போடவேண்டாம். காவல் நிலையத்தின் எண்ணையும் அதிகாரியின் எண்ணையும் போடுங்கள். துயரத்தில் இருக்கும் குடும்பத்தை அழைத்து, “உங்கள் பையன் எங்களிடம் இருக்கிறான், இந்தக் கணக்கில் பணம் போடுங்கள்” என்று சொல்லும் கல்நெஞ்சக்காரர்கள் இந்த நாட்டிலும் இருக்கிறார்கள். அப்படி அழைப்பு வந்தால், பணம் அனுப்பாமல் எண்ணையும் நேரத்தையும் குறித்து அதிகாரியிடம் கொடுங்கள். தம்பியின் உடலில் உள்ள மச்சம், தழும்பு முதலிய எல்லா அடையாளங்களையும் வெளியில் போடாமல், ஒன்றிரண்டை வீட்டுக்குள் வைத்துக்கொண்டால், அழைப்பவர் சொல்வது மெய்யா பொய்யா என்று சோதிக்க உதவும்.

அம்மாவை வற்புறுத்தி எழுப்ப வேண்டாம். நிழலுக்கு ஒரு கூடாரம், குடிக்கத் தண்ணீர், பக்கத்தில் அவருக்குப் பிடித்த ஒருவர், அவருடைய மருந்து வேளை தெரிந்த ஒருவர் இருந்தால் போதும். படையினர் குடும்பத்துக்குச் சொல்லும் செய்தி முதலில் உங்களில் ஒருவருக்கு வரட்டும். கரையில் கூச்சல் எழுந்து அம்மா தெரிந்துகொள்ளும் நிலை வரக் கூடாது.

கேள்வி: ஆற்றில் போனவர் மூன்றாம் நாள் மேலே வந்துவிடுவார் என்று எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். இங்கே மூன்று நாளும் கடந்துவிட்டது. பொம்பாக்காரர்கள் மாலை ஏழு மணிக்கு மேல் சுழியோடுவதை நிறுத்திவிடுகிறார்கள். சில இளைஞர்கள் கோபப்பட்டு, அக்கறையில்லை என்று பேசுகிறார்கள். அது நியாயமா? (ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி)

பதில்: ஐயா, பெரியவர்கள் சொல்வதற்கு அடிப்படை இருக்கிறது. நீரில் மூழ்கியவரின் உடல் முதலில் அடியில் தங்கும். பிறகு உடலுக்குள் உருவாகும் வாயு அதை மேலே கொண்டுவரும். நம் நாட்டு ஆறுகள் வெதுவெதுப்பானவை என்பதால் இது பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் நடக்கிறது. குளிர்நாட்டு ஏரிகளில் வாரக்கணக்கில் ஆகும். ஆனால் இது பொதுப்போக்கு, சட்டம் அல்ல. மூங்கில் புதரின் வேரிலோ, வெள்ளம் அடித்துக்கொண்டுவந்த மரக்கட்டைகளின் அடியிலோ, மணல் அள்ளிய குழியிலோ சிக்கிக்கொண்டால் நாள் கூடும். ஆகவே மூன்றாம் நாள் கடந்ததை வைத்து, அவர் ஆற்றில் இல்லை என்றும் சொல்ல முடியாது, இனிக் கிடைக்கமாட்டார் என்றும் சொல்ல முடியாது. குடும்பத்தார் காதில் விழும்படி இந்த நாள் கணக்கைப் பேசாமலிருக்குமாறு இளைஞர்களிடம் நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

இரவில் நிறுத்துவதைப் பற்றிச் சொல்லவேண்டுமானால், 2018 அக்டோபர் 3ஆம் தேதியை நினைவூட்ட வேண்டும். அன்று பூச்சோங், தாமான் புத்ரா பெர்டானாவில் பழைய ஈயக்குட்டைப் பகுதியில் நீரில் விழுந்த 17 வயது இளைஞரைத் தேடி இறங்கிய தீயணைப்பு மீட்புப் படையின் நீர்மீட்பு வீரர்கள் 6 பேர் சுழலில் சிக்கி உயிரிழந்தார்கள். ஒருவரையொருவர் கயிற்றால் பிணைத்துக்கொண்டு இறங்கிய, பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். அந்த 6 வீடுகளிலும் குடும்பத்தார் காத்திருந்தார்கள். கலங்கல் நீரில் பகலிலேயே கையை நீட்டினால் விரல் தெரியாது. அடியில் என்ன இருக்கிறது என்று தடவித்தான் அறியவேண்டும். அந்த வேலையை இருட்டில் செய்யச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

நீரின் அளவும் அவர்களுடைய முடிவைத் தீர்மானிக்கிறது. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஓடும் புளூஸ் ஆறு மலைக்காட்டிலிருந்து இறங்கிவந்து பேராக் ஆற்றில் கலக்கிறது. மேலே மலையில் மழை கொட்டினால், கீழே தோட்டத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கெபாலா ஆயர் எனப்படும் திடீர்ப் பெருக்கு வரும். 2022 ஜூலை 4ஆம் தேதி கெடா, பாலிங் மாவட்டத்தின் குப்பாங் பகுதியில் மலையிலிருந்து அப்படி இறங்கிய சேற்று வெள்ளத்தில் 3 பேர் இறந்தார்கள். தெளிந்த நீர் சட்டென்று கலங்குவதும், இலையும் சுள்ளியும் மிதந்து வருவதும், மேலே இரைச்சல் கேட்பதும் அதன் அறிகுறிகள். கண்டவுடன் கரையேறிவிட வேண்டும். தேடல் பேராக் ஆறுவரை நீண்டால் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அதன் மேல்பகுதியில் தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், 1930இலிருந்து இயங்கும் செண்டெரோ என 4 நீர்மின் அணைகள் இருக்கின்றன; மழையே இல்லாவிட்டாலும் அணையில் நீர் திறந்தால் மட்டம் உயரும். வடிகால் நீர்ப்பாசனத் துறை ஆறுகளின் நீர்மட்டத்தைத் தன் வெள்ளத் தகவல் இணையப் பக்கத்தில் வெளியிட்டு வருகிறது. கைப்பேசி பழகிய ஒருவரை அதைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். கோபப்படும் இளைஞர்களுக்கு அது நல்ல வேலை.

கேள்வி: எங்கள் இளைஞர் மன்றத்தில் 30 பேர் தேடலுக்குத் தயாராக இருக்கிறோம். எங்களில் பலர் இந்த ஆற்றில் நீந்தி வளர்ந்தவர்கள். பொம்பா எங்களைத் தண்ணீரில் இறங்க விடவில்லை. நாங்கள் எப்படி உதவுவது?

பதில்: தம்பிகளே, உங்கள் மனம் பெரியது. ஆனால் இறங்கவேண்டாம் என்று அவர்கள் சொன்னது உங்களைக் காப்பதற்காகத்தான். சம்பவ இடத்திலுள்ள கட்டுப்பாட்டு முகாமுக்குப் போய், 30 பேரின் பெயரையும் ஐசி எண்ணையும் கொடுத்து, அவர்கள் ஒதுக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இருவர் இருவராகச் சேர்ந்து, பகலில், காலணியோடு கரையோரம் நடந்து பார்ப்பதும், பாலங்களில் முறை வைத்துக் கண்காணிப்பதும், தோட்டத்தின் பழைய வாய்க்கால், கைவிட்ட லயத்து வீடுகள், ஸ்டோர் கொட்டகை, செம்பனை வரிசைகள் ஆகியவற்றைச் சலித்துப் பார்ப்பதும் உங்களால் முடிந்தவை. வெளியிலிருந்து வரும் படையினருக்குத் தெரியாத ஒற்றையடிப் பாதைகள் உங்களுக்குத் தெரியும். தேடிய இடத்தை வரைபடத்தில் குறித்து முகாமில் ஒப்படைத்தால்தான் அந்த உழைப்பு கணக்கில் சேரும். இல்லாவிட்டால் ஒரே இடத்தை மூன்று குழுக்கள் தேடும், ஓரிடத்தை யாருமே தேடமாட்டார்கள். ஆற்றை அறிந்த ஓராங் அஸ்லி பழங்குடி மக்களையும் மீன் பிடிப்பவர்களையும் கேளுங்கள். எந்த வளைவில் பொருள் ஒதுங்கும் என்று அவர்களைப்போலச் சொல்லக்கூடியவர்கள் இல்லை. ஏதாவது கண்ணில் பட்டால் தொடாமல், இடத்தை விட்டு நகராமல், முகாமுக்குத் தகவல் சொல்லுங்கள். படம் எடுத்துப் பகிர்வதை மன்றமே தடை செய்யவேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். 2010ஆம் ஆண்டு பகாங், மாரான் மாவட்டத்தின் லுபுக் யூ பொழுதுபோக்குக் காட்டில், நீரில் மூழ்கிய இளைஞரைத் தேடும் பணியில் கலந்துகொண்டவர்களில் சிலர், தேடல் முடிந்த பிறகு காய்ச்சல் கண்டு இறந்தார்கள். எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிசும், மண்ணிலும் சேற்றிலும் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிசும் அதற்குக் காரணம். கால் வெடிப்பு, சிராய்ப்பு வழியாக இவை உடலுக்குள் புகக்கூடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு மெலியோய்டோசிஸ் மிகக் கொடியது. நம் சமூகத்தில் நீரிழிவு எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். புண் உள்ளவரும் நீரிழிவு உள்ளவரும் சேற்றில் இறங்காமல், பாலக் கண்காணிப்பையும் சமையலையும் எடுத்துக்கொள்ளட்டும். தேடலுக்குப் போனவர் யாருக்காவது அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ, கெண்டைக்கால் வலியோ, மூச்சிரைப்போ வந்தால், பெனடோல் சாப்பிட்டுப் படுத்துவிடாமல் மருத்துவமனைக்குப் போய், “ஆற்றில் தேடலுக்குப் போயிருந்தேன்” என்று முதல் வார்த்தையாகச் சொல்லவேண்டும். அந்த வாக்கியம் மருத்துவருக்குப் பாதி நோயைக் காட்டிக் கொடுத்துவிடும்.

கேள்வி: காணாமற்போனவன் என் நெருங்கிய நண்பன். இரண்டு பருவமாக வகுப்புக்கே போகவில்லை என்றும், கட்டணத்துக்கு வீட்டில் கொடுத்த பணத்தை ஆன்லைன் சூதாட்டத்தில் விட்டுவிட்டதாகவும் என்னிடம் சொல்லி, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கினான். அவன் அம்மா அழுவதைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. சொன்னால் துரோகமா? (ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, துரோகம் இல்லை. உயிர் பற்றிய கேள்வி எழுந்த நிமிடமே அந்தச் சத்தியம் முடிந்துவிட்டது. உங்கள் நண்பர் அதைக் கேட்டபோது அவமானத்திலிருந்து தப்பிக்க நினைத்தார். தன்னை யாரும் தேடிக் கண்டுபிடிக்கக் கூடாது என்று கேட்கவில்லை. (இந்த மாணவர் எங்களுடன் பேசிய அன்றே விசாரணை அதிகாரியிடமும், பிறகு குடும்பத்திடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், அதனால்தான் கடிதத்தை வெளியிடுகிறோம்.)

இப்படிப்பட்ட தகவல் தேடலின் திசையையே மாற்றக்கூடியது. கடன் கொடுத்த ஆலோங் (சட்டவிரோத வட்டிக்காரர்) யாராவது மிரட்டினார்களா, வேலை தேடி ஜோகூருக்கோ சிங்கப்பூருக்கோ போவதாகப் பேசினாரா, உயிரை வெறுத்துப் பேசினாரா என்ற கேள்விகளுக்கு நண்பர்களிடம்தான் பதில் இருக்கும். நேராக விசாரணை அதிகாரியிடம் போய், குறுஞ்செய்திகளை அழிக்காமல் கைப்பேசியோடு காட்டவேண்டும். வீட்டில் சொல்லும்போது, கூட்டத்தின் நடுவே தாயிடம் சொல்லாமல், நிதானமாகக் கேட்கக்கூடிய அக்காவிடமோ மாமாவிடமோ தனியாகச் சொல்வது நல்லது. “முன்பே சொல்லியிருந்தால்” என்று யாராவது உங்களைக் கடிந்துகொள்ளக்கூடும். அது துயரத்தின் பேச்சு. அதை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில் பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். மகன் எழுதி வைத்த கடிதத்தை, வழக்கு வந்துவிடும் என்று பயந்து காவல் துறையிடம் மறைத்த குடும்பங்கள் உண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. பிள்ளை உயிரோடு கிடைத்தால் அவர் போகவேண்டிய இடம் மருத்துவரிடம்; நீதிமன்றத்துக்கு அல்ல. மறைத்து வைத்த காகிதம் தேடலுக்குத்தான் தடை.

பருவத்தேர்வில் தோற்றவர், பிடிபிடிஎன் கல்விக் கடன் பணத்தை இழந்தவர், வீட்டில் சொல்ல வாயில்லாமல் இதைப் படித்துக்கொண்டிருப்பவர் யாராவது இருந்தால், உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: இன்றிரவே ஒருவரிடம் பேசுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் சேவை 15555 என்ற எண்ணிலும், பிஃப்ரண்டர்ஸ் 03-7627 2929 என்ற எண்ணிலும், தாலியான் காசே 15999 என்ற எண்ணிலும் கிடைக்கும். தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது, குடும்பத்தின் கௌரவம் முழுவதையும் நாம் அந்தப் பிள்ளையின் தோளில் ஏற்றி அனுப்புகிறோம். படிப்பு முறிந்து திரும்பி வந்தாலும் இந்த வீட்டில் சோறு உண்டு என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லுங்கள், அய்யா, சொல்லுங்கள், அம்மா. பிள்ளைகளுக்கு அது தானாகத் தெரிந்திருக்கும் என்று இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: என் மகன் காணாமற்போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஆற்றங்கரையில் பை கிடைத்தது, வேறொன்றும் கிடைக்கவில்லை. குறி சொல்பவர் ஒருவர், தெற்கே உயிரோடு இருக்கிறான், பரிகாரத்துக்கு 3,000 ரிங்கிட் ஆகும் என்கிறார். உறவினர்களோ கருமகாரியத்தை முடித்துவிடச் சொல்கிறார்கள். நான் யார் பேச்சைக் கேட்பது? (ஒரு தாய், பீடோர்)

பதில்: அம்மா, கோயிலில் உங்கள் மகனுக்காக விளக்கேற்றுங்கள், அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் திசையைச் சொல்லிப் பணம் கேட்பவருக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். அவருக்கு உண்மையிலேயே ஏதாவது தெரிந்திருந்தால், அதை அவர் காவல் நிலையத்தில் இலவசமாகச் சொல்லலாம். காரியம் செய்வதும் செய்யாமலிருப்பதும் உங்கள் மனம் சம்மதிக்கும் நாளில் எடுக்கவேண்டிய முடிவு, ஊருக்காகச் செய்யவேண்டியதில்லை. நெருக்கும் உறவினரிடம் இந்தப் பதிலையே காட்டுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலர் கேட்கிறார்கள். 1950ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தின் 108ஆவது பிரிவின்படி, ஒருவர் உயிரோடிருந்தால் யாருக்கு இயல்பாகத் தகவல் வந்திருக்குமோ அவர்களுக்கு 7 ஆண்டுகளாக ஒரு தகவலும் வரவில்லை என்று நிரூபிக்கப்பட்டால், அவர் உயிரோடிருக்கிறார் என்று வாதிடுபவரே அதை நிரூபிக்கவேண்டும். அந்த 7 ஆண்டுகள் தாமாகவே யாரையும் இறந்தவராக்கிவிடாது. நீதிமன்றத்தில் மனுச் செய்து உத்தரவு பெறவேண்டும். உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. சொத்து, காப்புறுதி என்று அவசரத் தேவை இல்லாவிட்டால் அதைப் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம். தேவை வந்தால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் விசாரியுங்கள்.

இப்போது செய்யவேண்டியது வேறு. புகார் நகலை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போய், இந்த விசாரணை இப்போது எந்த அதிகாரியிடம் இருக்கிறது என்று கேளுங்கள். மூன்று ஆண்டில் அதிகாரி மாறியிருக்கக்கூடும். உங்கள் தொலைபேசி எண்ணோ முகவரியோ மாறியிருந்தால் எழுத்தில் கொடுங்கள். உங்கள் மகன் மைகார்டு அடையாள அட்டை எடுத்தபோது பதித்த கைரேகை தேசியப் பதிவிலாகாவில் இருக்கிறது. எங்காவது பெயர் தெரியாமல் ஒருவர் கிடைத்து, கைரேகை எடுக்கும் நிலையில் இருந்தால், அதை வைத்து அடையாளம் காண முடியும். கைரேகை எடுக்க முடியாத நிலைக்குத்தான் மரபணு. 2009ஆம் ஆண்டின் மரபணு அடையாளச் சட்டப்படி அமைந்த தேசியத் தரவு வங்கியில் காணாமற்போனவர்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. தாய் தந்தையரின் மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்க்க வழி இருக்கிறது. அதற்கு உங்களிடமிருந்து மாதிரி எடுக்கப்பட்டதா என்று அந்த அதிகாரியிடம் கேளுங்கள்; எடுக்கவில்லையென்றால், எடுக்கக் கோரி எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, அதன் நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் எங்களுக்குச் சொல்லுங்கள். நாங்கள் எழுதித் தருகிறோம்.